தோட்டாத் தட்டுப்பாட்டில் வான்கோழி வேட்டை: கிடைப்பவற்றுள் எதை வாங்குவது?

அமெரிக்காவில் அலாஸ்கா நீங்கலாக 49 மாநிலங்களில் வான்கோழி வேட்டை அனுமதிக்கப்படுகிறது. வசந்த காலப் பருவம் தெற்கே மார்ச் மாதத்தில் தொடங்கி, வடக்கே மே மாதம் வரை நீள்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் ஒருவர் அந்தப் பருவம் முழுவதிலும் ஒன்று முதல் மூன்று சேவல்கள் வரைதான் சுடலாம். வாத்து வேட்டைக்குப் போகிறவர் ஒரே காலையில் ஒரு பெட்டித் தோட்டாவைக் காலி செய்துவிட முடியும். வான்கோழி வேட்டைக்காரரோ குறி தவறாமல் சுட்டால் ஆண்டுக்கு இரண்டு மூன்று தோட்டாக்களோடு வேலையை முடித்துவிடுவார். இவ்வளவு குறைந்த தேவை உள்ள வேட்டையிலும் 2021, 2022-ஆம் ஆண்டுகளின் வசந்த காலத்தில் பலர் கடை கடையாக ஏறி இறங்கி வெறுங்கையோடு திரும்பினார்கள். அந்த நிலை மீண்டும் வந்தால், அல்லது உங்கள் ஊர்க் கடையில் இப்போதே வந்திருந்தால், கிடைப்பவற்றுள் எதைத் தேர்வது என்பதைத்தான் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

தட்டுப்பாட்டின் காரணம் தெரிந்தால், எது விரைவில் திரும்பிவரும், எதற்குக் காத்திருப்பது வீண் என்பது புரியும். 2020-இல் பெருந்தொற்றும் அரசியல் பதற்றமும் சேர்ந்து, இதுவரை துப்பாக்கியே வைத்திருக்காதவர்களையும் கடைக்கு வரவழைத்தன. துப்பாக்கி வாங்குவோருக்கான எஃப்.பி.ஐ. பின்னணிச் சோதனைகள் 2019-இல் 2 கோடியே 84 லட்சமாக இருந்து, 2020-இல் 3 கோடியே 97 லட்சமாக உயர்ந்தன. அந்த ஆண்டில் முதன்முறையாகத் துப்பாக்கி வாங்கியவர்கள் 84 லட்சம் பேர் என்று துப்பாக்கித் தொழில் துறையின் சங்கம் மதிப்பிட்டது. அதே ஆண்டு ஜூலையில் ரெமிங்டன் நிறுவனம் திவாலானது. ஆர்கன்சா மாநிலத்தின் லோனோக் நகரில் இருந்த அதன் தோட்டாத் தொழிற்சாலையை, ஃபெடரல், சிசிஐ ஆகிய பெயர்களில் தோட்டா தயாரித்துவந்த விஸ்டா அவுட்டோர் நிறுவனம் வாங்கிக்கொண்டது. தேவை உச்சத்தில் இருந்த வேளையில் பெரிய தொழிற்சாலை ஒன்று கைமாறிக்கொண்டிருந்தது. தொழிற்சாலைகள் தங்கள் ஆற்றலைக் கைத்துப்பாக்கித் தோட்டாக்களின் பக்கம் திருப்பியபோது, ஆண்டில் சில வாரங்களுக்கு மட்டுமே விற்கும் வான்கோழித் தோட்டா வரிசையில் கடைசிக்குத் தள்ளப்பட்டது. எல்லாத் தோட்டாவுக்கும் பொதுவான உறுப்பான பிரைமரும், அதாவது அடிப்புறத்தில் ஊசி தட்டியவுடன் தீப்பொறி எழுப்பும் சிறு மூடியும், போதிய அளவில் கிடைக்கவில்லை.

அடுத்த நெருக்கடி உலோகத்தின் வழியாக வந்தது. உலகின் டங்ஸ்டன் உற்பத்தியில் ஐந்தில் நான்கு பங்கு சீனாவிலிருந்து வருகிறது. 2025 பிப்ரவரி 4 அன்று சீனா டங்ஸ்டன், பிஸ்மத் உள்ளிட்ட ஐந்து உலோகங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. அதற்கு முன்பே, தோட்டாவுக்குள் நிறைந்திருக்கும் சிறு குண்டுகளான ஈய ரவைகளைக் கெட்டிப்படுத்தவும் பிரைமர் கலவையிலும் பயன்படும் ஆன்டிமனிக்கு 2024 செப்டம்பரில் கட்டுப்பாடும், அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்காவுக்கு அனுப்பவே தடையும் வந்தன. 2025 நவம்பரில்தான் அந்தத் தடை தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது. ஆகவே முதல் நெருக்கடியில் எல்லா வகைத் தோட்டாக்களும் ஒருசேர மறைந்தன என்றால், இரண்டாவதில் விலை உயர்ந்த வகைகள்தான் முதலில் அடிவாங்கின. இந்த வேறுபாடு தேர்வுக்கு முக்கியமானது.

வான்கோழியின் மீது எங்கே சுடுகிறோம் என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். வளர்ந்த சேவல் எட்டு முதல் பதினோரு கிலோ வரை இருக்கும். இறகும் இறக்கை எலும்பும் மார்புத் தசையும் சேர்ந்து அதன் உடலைக் கவசம் போல் மூடியிருக்கும். உடலில் பட்ட ரவைகளோடு பறந்துபோய், கண்ணில் படாத புதரில் நாள் கணக்கில் துடித்துச் சாகும் பறவைகள் உண்டு. அதனால்தான் தலையும் கழுத்தும் மட்டுமே குறி. அந்த ஒடுங்கிய இடத்தில் போதிய எண்ணிக்கையில் ரவைகள் விழ வேண்டும். ஒவ்வொன்றும் மண்டையோட்டையும் கழுத்தெலும்பையும் உடைக்கும் விசையோடு விழ வேண்டும். எந்தத் தோட்டாவை எடுத்தாலும் இந்த இரண்டு கேள்விகளைத்தான் அதனிடம் கேட்க வேண்டும்.

முதலில் ஈயத்தைப் பார்ப்போம். வான்கோழிக்கென்றே செய்யப்படும் ஈயத் தோட்டாக்களில் 4, 5, 6 ஆகிய எண்களைக் கொண்ட ரவைகள் இருக்கும். எண் கூடக் கூட ரவை சிறுக்கும். 5-ஆம் எண் ரவையின் விட்டம் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஓர் அவுன்ஸில் ஏறத்தாழ 170 ரவைகள் அடங்கும். கேஜ் என்பது குழலின் அகலத்தைச் சொல்லும் எண்; எண் சிறுத்தால் குழல் அகலம். 12 கேஜ், 3 அங்குலத் தோட்டாவில் ஒன்றே முக்கால் அவுன்ஸ் நிறைத்தால் 300 ரவைகள் கிடைக்கின்றன. வின்செஸ்டர் 2014-இல் கொண்டுவந்த லாங் பியர்டு வகையில் செம்பு பூசிய ரவைகளைப் பிசின் போன்ற பொருளில் உறையவைத்திருப்பார்கள். வெடிக்கும்போது அந்தப் பிசின் நொறுங்கித் தூளாகி, ரவைகள் ஒன்றோடொன்று மோதி நசுங்காமல் காக்கிறது. நசுங்காத ரவை நேராகப் போகும். நசுங்கியது விலகிப் போகும். இந்த வகை, சாதாரண நாளில் ஒரு தோட்டா இரண்டு டாலர் அளவில் கிடைத்தது. 40 கஜத்துக்குள் சுடுகிறவருக்கு இதைவிட மேலான எதுவும் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. பழைய விலையைவிட ஒன்றரை மடங்கு, ஏன் இரு மடங்கு கேட்டாலும் ஒரு பெட்டி கண்ணில் பட்டால் வாங்கிவிடுங்கள். பெட்டியில் பத்துத் தோட்டாக்கள் இருக்கும். அது மூன்று ஆண்டுகளுக்குக் காணும்.

டிஎஸ்எஸ் என்று வேட்டைக்காரர்கள் சுருக்கமாக அழைக்கும் டங்ஸ்டன் ரவை இன்னொரு துருவம். ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், இதன் அடர்த்தி 18 கிராம். 9-ஆம் எண் டங்ஸ்டன் ரவை இரண்டு மில்லிமீட்டர்தான், கேழ்வரகை விடச் சற்றே பெரிது. எடையில் அது 5-ஆம் எண் ஈய ரவையின் பாதிக்கும் சற்றுக் குறைவு. ஆனால் அதன் முகப்புப் பரப்பு அதைவிடவும் குறுகியிருப்பதால், துளைக்கும் ஆழத்தில் ஈயத்துக்கு ஈடுகொடுக்கிறது. ஓர் அவுன்ஸில் 360 ரவைகள் அடங்குவதால், ஒன்றே முக்கால் அவுன்ஸ் தோட்டாவில் 600-க்கும் மேற்பட்ட ரவைகள் கழுத்தை நோக்கிப் பறக்கும். .410 போர் போன்ற மிகச் சிறிய துப்பாக்கிகூட வான்கோழிக்கு உகந்ததாக மாறியது இதனால்தான்: அதன் 3 அங்குலத் தோட்டாவில் பதினாறில் பதின்மூன்று பங்கு அவுன்ஸ் நிறைத்தாலே ஏறத்தாழ 295 ரவைகள் கிடைத்துவிடுகின்றன. பெரிய 12 கேஜ் ஈயத் தோட்டா தரும் எண்ணிக்கையும் அதுதான்.

இவ்வளவு சிறப்பு இருந்தும் தட்டுப்பாட்டுக் காலத்தில் நான் இதை முதல் தேர்வாகச் சொல்லமாட்டேன். ஐந்து தோட்டாக்கள் கொண்ட பெட்டிக்குச் சாதாரண நாளிலேயே 40 டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும். மேலும், சோதித்துப் பார்க்காமல் எந்தத் தோட்டாவையும் வேட்டைக்குக் கொண்டுபோகக் கூடாது. ஐந்தில் இரண்டைக் காகிதத்தில் சுட்டுப் பார்த்தால் மிச்சம் மூன்று. இதைவிடப் பெரிய கவலை ஒன்றுண்டு. இந்தத் தோட்டா கையில் இருக்கும் தைரியத்தில் 55, 60 கஜத்தில் நிற்கும் பறவையைச் சுடத் துணிகிறவர்கள் அதிகரித்திருக்கிறார்கள். தூரம் கூடும்போது கணிப்புப் பிழையும் கூடுகிறது. தலையை அசைத்துக்கொண்டே நடக்கும் பறவையின் மேல் ரவைத்திரளின் ஓரம் மட்டும் பட்டு, அது காயத்தோடு தப்பிக்கிறது. ஆயினும் .410 போர் அல்லது 28 கேஜ் மட்டுமே வைத்திருப்பவருக்கும், துப்பாக்கியின் உதைப்பைத் தாங்க முடியாத சிறுவர், முதியவர் ஆகியோருக்கும் இது ஆடம்பரம் ஆகாது. அவர்கள் விலை பார்க்காமல் இதைத் தேடுவதில் நியாயம் இருக்கிறது.

பலர் கவனிக்காமல் கடந்துபோகும் மூன்றாவது வழி, ஃபெசன்ட் பறவைக்கென விற்கப்படும் சாதாரண ஈயத் தோட்டா. பெட்டியில் வான்கோழிப் படம் இருக்காது. ஆகையால் வசந்த காலத்தில் இதை யாரும் தேடுவதும் இல்லை. ஆனால் உள்ளே இருப்பது அதே 5 அல்லது 6-ஆம் எண் ரவை. இரண்டே முக்கால் அங்குலத் தோட்டாவில் ஒன்றேகால் அவுன்ஸ், 6-ஆம் எண் என்றால் 280 ரவைகள். ரவைகள் அதிகம் சிதறாதபடி குழல் முனையைக் குறுக்கும் சோக் என்ற உறுப்பில் இறுக்கமான வகையான ஃபுல் சோக்கைப் பொருத்திய 12 கேஜ் துப்பாக்கியில், 30 கஜத்துக்குள், நம்பிக்கையோடு கொல்லும் தோட்டா இது. வான்கோழிக்கென்று தனித் தோட்டா விற்பனைக்கு வருவதற்கு முன் பல தலைமுறைகள் இப்படிப்பட்ட தோட்டாவைக் கொண்டுதான் வேட்டையாடின. பயிற்சிக்காக வானில் எறியப்படும் களிமண் தட்டைச் சுடுவதற்கான ஏழரை, 8-ஆம் எண் ரவைத் தோட்டாவை மட்டும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த ஈய ரவை எலும்பை உடைக்கும் வலுவற்றது; பறவையைக் கொல்லாமல் குருடாக்கும். அது துப்பாக்கி நேராகச் சுடுகிறதா என்று பார்ப்பதற்கு மட்டும் உதவும்.

எஃகு ரவையின் அடர்த்தி 7.8 கிராம்தான். வாத்துப் பருவம் ஜனவரி கடைசியோடு முடிந்துவிடுவதால், மார்ச் மாதத்தில் கடையில் மீந்திருப்பது பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். ஈயத்தைவிட இரண்டு எண் பெரிய ரவையாக எடுத்து, 25 அல்லது 30 கஜத்துக்குள் நின்றுகொண்டால் வேலை நடக்கும். ஆனால் வான்கோழிக்கான மிக இறுக்கமான சோக் வழியாக எஃகைச் சுடக் கூடாது. ஈயத்தைப் போல நசுங்கிக்கொடுக்காமல் அது சோக்கையும் குழலையும் கெடுத்துவிடும். சில மாநிலங்களில் வான்கோழிக்கு இன்ன அளவைவிடப் பெரிய ரவை கூடாது என்ற விதியும் உண்டு. எஃகுக்கு மாறுகிறவர் இந்த விதியில்தான் மாட்டிக்கொள்வார். பிஸ்மத் எஃகைவிடக் கனமானது, ஈயத்தைவிட இலேசானது, பழைய துப்பாக்கிகளுக்கும் ஊறு செய்யாதது. ஆனால் விலையில் டங்ஸ்டன் பக்கம் சாய்கிறது, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டிலும் அகப்பட்டிருக்கிறது.

கலிஃபோர்னியாவில் வேட்டையாடுகிறவருக்கு இந்த ஒப்பீடு வேறு விதமாக அமையும். 2019 ஜூலை முதல் அங்கே எந்த வேட்டைக்கும் ஈயம் கூடாது. தோட்டா வாங்கவும் உரிமம் பெற்ற கடைக்காரர் வழியாகப் பின்னணிச் சோதனைக்கு உட்பட வேண்டும். அங்கே எஃகு, பிஸ்மத், டங்ஸ்டன் என்ற மூன்றுக்குள்தான் தேர்வு. மற்ற மாநிலங்களில் வான்கோழிக்கு ஈயம் பெரும்பாலும் அனுமதிக்கப்பட்டாலும், சில வனவிலங்குப் புகலிடங்களில் தடை இருக்கிறது. போகப்போகும் நிலத்தின் விதியை முன்கூட்டியே படித்துவிட வேண்டும்.

தாமே தோட்டா நிரப்பிக்கொள்கிறவர்கள் தட்டுப்பாடு தங்களைத் தொடாது என்று நம்பியிருந்தார்கள். ஒரு பவுண்டு டங்ஸ்டன் ரவையில் .410 போருக்கான தோட்டாக்கள் பத்தொன்பது தேறும் என்பதால் கணக்கும் சாதகமாகவே இருந்தது. ஆனால் 2021-இல் முதலில் மறைந்ததே பிரைமர்தான். அதை வீட்டில் செய்ய முடியாது. ஏற்கெனவே கருவியும் அனுபவமும் கையிருப்பும் உள்ளவருக்கு இது நல்ல வழி. தட்டுப்பாட்டைக் கண்டு புதிதாகத் தொடங்குகிறவர் பணத்தையும் ஒரு பருவத்தையும் இழப்பார். அச்சிட்ட அளவிலிருந்து வெடிமருந்தை மாற்றினால் கையையும் இழக்கலாம்.

உறவினர் வீட்டுப் பரணிலிருந்து வரும் பழைய பெட்டியை நான் அலட்சியமாகப் பார்ப்பதில்லை. ஈரம் படாமல் வைத்திருந்தால் தோட்டா பல பத்தாண்டுகள் தாங்கும். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பாருங்கள். அடிப்பகுதிப் பித்தளையில் பச்சைக் களிம்பு அரித்திருந்தாலோ, வாய் மடிப்பு விரிந்து ரவை எட்டிப் பார்த்தாலோ, உறை உப்பியிருந்தாலோ அதை ஒதுக்கிவிட வேண்டும். மற்றவை பயன்படும்.

கிடைத்ததை அள்ளிக்கொண்டு வரும் அவசரத்தில் நேரும் இரண்டு தவறுகள் உயிருக்கே ஆபத்தானவை. முதலாவது, தோட்டா அமரும் அறை 3 அங்குலத் தோட்டாவுக்கென அமைந்த துப்பாக்கியில் மூன்றரை அங்குலத் தோட்டாவைப் போடுவது. அது உள்ளே போய்விடக்கூடும்; ஆனால் வாய் மடிப்பு விரிய இடமின்றி அழுத்தம் எகிறும். குழலின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் அளவைப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். இரண்டாவது, 12 கேஜும் 20 கேஜும் ஒரே சட்டைப் பையில் கலந்துபோவது. 20 கேஜ் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வதற்குக் காரணம் இருக்கிறது: அது 12 கேஜ் அறைக்குள் வழுக்கிப் போய், அறைக்குச் சற்று முன்னால் குழலுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் சிக்கிக்கொள்ளும். துப்பாக்கி காலி என்று நினைத்து அதன் பின்னால் 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழலே வெடித்துவிடும்.

இத்தனை வகைகளுக்கும் தீர்ப்புச் சொல்வது காகிதம்தான். அகலமான பழுப்புக் காகிதத்தில் நடுவே ஒரு புள்ளி வைத்து, 40 கஜத்தில் நிறுத்தி, உட்கார்ந்து சாய்ந்து, வேட்டையில் சுடுவது போலவே ஒரு முறை சுடுங்கள். பிறகு ரவைகள் அடர்ந்து விழுந்த இடத்தைச் சுற்றி 10 அங்குல விட்டத்தில் ஒரு வட்டம் வரைந்து, உள்ளே இருக்கும் துளைகளைப் பேனாவால் ஒவ்வொன்றாகக் குறித்து எண்ணுங்கள். நூறு துளைகள் இருந்தால் அந்தத் தோட்டாவுக்கு அந்தத் தூரம் தகும் என்பது வேட்டைக்காரர்களின் நெடுநாள் வழக்கு. நூறு தேறாவிட்டால் 35 கஜத்துக்கும், பிறகு 30 கஜத்துக்கும் காகிதத்தை நெருக்கிக்கொண்டு வாருங்கள். நான் முதன்முதலில் இப்படிச் சுட்டபோது, வட்டம் நான் வைத்த புள்ளியைவிட்டு இடப்பக்கம் ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தது. வட்டத்துக்குள்ளேயே கீழ்ப்புறத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு துளைகூட இல்லாத வெற்றிடம். அன்று காகிதத்துக்குப் பதிலாகச் சேவல் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது வயிற்றைப் பிசைந்தது. பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த எந்த வாசகமும் எனக்கு அதைச் சொல்லவில்லை.

ஆகவே என் வரிசை இது. வான்கோழிக்கான ஈயத் தோட்டா, 5 அல்லது 6-ஆம் எண், முதலில். அது இல்லையேல் ஃபெசன்ட் தோட்டாவும் 30 கஜ எல்லையும். அதுவும் இல்லையேல், நண்பரிடம் மூன்று தோட்டாக்களைக் கேட்டு வாங்குவது, டங்ஸ்டனுக்குப் பல மடங்கு விலை கொடுப்பதைவிட மேல்; எஃகும் பரண் பெட்டியும் அதற்குப் பின். தட்டுப்பாட்டைப் பார்த்து வேறு கேஜ் துப்பாக்கி வாங்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்; இன்று கடைத் தட்டில் இருக்கும் தோட்டா அடுத்த மாதம் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. வில்லுக்கு மாறலாம் என்பவர்கள் அதற்கு ஓராண்டுப் பயிற்சியையாவது ஒதுக்க வேண்டும்.

இந்த வரிசை முழுவதும் ஓர் உண்மையின் மேல் நிற்கிறது. வசந்த கால வேட்டையில் பறவையைத் துரத்திப் போவதில்லை. பெட்டைக் குரலை எழுப்பி, சேவலை நம்மிடம் வரவழைக்கிறோம். தோட்டா வலு குறைந்ததாக இருந்தால், இன்னும் பத்து கஜம் வரவிட்டுக் காத்திருக்கும் வாய்ப்பு இந்த வேட்டையில் இருப்பது போல வேறு பல வேட்டைகளில் இல்லை.

கையில் ஐந்தே தோட்டாக்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். துப்பாக்கி நேராகச் சுடுகிறதா என்பதை முதலில் மலிவான களிமண் தட்டுத் தோட்டாவில் சரிபார்த்துக்கொள்ளலாம். பிறகு இரண்டைக் காகிதத்தில் செலவழித்து, நூறு துளைகள் விழும் தூரத்தைக் கண்டறியலாம். மிச்சம் மூன்று வேட்டைக்கு. காட்டில் மரத்தடியில் உட்காரும் முன், அந்தத் தூரத்தைக் காலடியால் அளந்து, அங்கே ஒரு குச்சியை நட்டுவைத்துவிட்டு வந்து அமருங்கள். சேவல் குச்சியைத் தாண்டி உள்ளே வரும்வரை துப்பாக்கியின் விசையில் விரல் வைக்க வேண்டாம்.